காயத்தை மூடுவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

இழந்த உறுப்பு மறுபடி வளருமா என்று ஆராய்வது உயிரியலாரின் வேலை. மங்கி உதிரும் சுவரோவியத்தையும் களிம்பேறிய செப்புத் திருமேனியையும் காப்பது அருங்காட்சியக வேதியியலாரின் வேலை. இந்த இரண்டு துறையாரும் ஒருவரையொருவர் சந்திப்பது அரிது. ஆனாலும் இரண்டையும் சேர்த்தே இன்று பேசப்போகிறேன். புண்பட்ட இடத்தை அவசரப்பட்டு மூடிவிடுவதுதான் இரண்டு இடத்திலும் அதிகமாக நடக்கிற கேடு.

முதலில் விரல் நுனியை எடுத்துக்கொள்வோம். கதவிடுக்கில் சிக்கிக் குழந்தையின் விரல் நுனி துண்டாகிவிடுகிறது. மிச்சமிருக்கும் தோலை இழுத்துத் தைத்து மூடுவதுதான் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த சிந்தியா இல்லிங்வொர்த் 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தைக்காமல், காயத்தைச் சுத்தம் செய்து, சாதாரணக் கட்டு மட்டும் போட்டுவைத்தால் சிறு குழந்தைகளின் விரல் நுனி தானாகவே வளர்ந்துவிடுகிறது என்று அதில் காட்டினார். சதை மட்டுமல்ல, நகமும் தொடு உணர்வும் திரும்பிவந்தன. தைத்து மூடிய விரல்களில் இது நடப்பதில்லை.

இதற்கு ஓர் எல்லை உண்டு. வெட்டு நகத்தின் வேருக்கு முன்பக்கம் விழுந்திருக்க வேண்டும். நகவேரே போய்விட்டால் வளர்ச்சி கிடையாது. ஏன் என்பதை நியூயார்க் பல்கலைக்கழகக் குழுவினர் 2013இல் எலிகளில் விளக்கினார்கள். நகத்தின் அடியில், புதுச் செல்களை உண்டாக்கும் தண்டுசெல்கள் இருக்கின்றன. நகம் வளரும்போது அங்கிருந்து புறப்படும் வேதிச் சைகை நரம்பை வெட்டுமுனைக்கு வரவழைக்கிறது. நரம்பு வந்தபின் அடியிலுள்ள செல்கள் பெருகி எலும்பு நீள்கிறது. அந்தச் சைகையை நிறுத்தினால் நகமும் வராது, எலும்பும் வராது.

இன்று பல மருத்துவமனைகளில் இத்தகைய காயத்துக்கு ஒட்டும் மெல்லிய பாலியூரித்தேன் படலத்தைச் சுற்றுகிறார்கள். நீராவி அதன் வழியே மெல்ல வெளியேறும், கிருமி உள்ளே போகாது. ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவார்கள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு திரவம் சேர்ந்து மோசமாக நாறும். பெற்றோர் அதைப் பார்த்துச் சீழ் பிடித்துவிட்டது என்று பயந்து கட்டைப் பிரித்துக் கழுவிவிடுகிறார்கள். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். அந்த ஈரத்தில்தான் புதுத் திசு வளர்கிறது. காய்ச்சல், கையில் மேல்நோக்கிப் பரவும் சிவப்பு, கூடிக்கொண்டே போகும் வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிறு காயம் மூன்று நான்கு வாரத்திலும், பெரியது ஆறு வாரமோ அதற்கு மேலோ கழித்தும் ஆறும். எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதை மருத்துவர் சிறிது குறைத்தாக வேண்டும். தசைநாண் வெளியே தெரிகிற காயத்துக்கு இந்த முறை பொருந்தாது. எந்தக் காயத்துக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்வார், வீட்டில் செய்து பார்க்கும் வைத்தியம் அல்ல இது.

முழு விரலோ கையோ துண்டாகிவிட்டால் வளருமா என்று காத்திருக்கக் கூடாது, மறுபடி இணைக்கத்தான் பார்க்க வேண்டும். துண்டான பகுதியை உப்புநீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு வாயை இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ் மேல் நேரடியாக வைத்தால் திசு உறைந்து செத்துவிடும். தண்ணீரில் அப்படியே போட்டால் ஊறிக் கெட்டுவிடும். குளிர்ச்சியில் இல்லாவிட்டால் விரலுக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை வாய்ப்பு உண்டு. தசை நிறைந்த முழங்கை, முன்கை போன்ற பகுதிக்கு ஆறு மணி நேரம்தான்.

விரல் நுனியோடு நம் திறமை முடிகிறது. கல்லீரல் வளர்கிறதே என்பீர்கள். அது வளர்வது உண்மைதான், ஆனால் வெட்டிய மடல் திரும்பி முளைப்பதில்லை. மிச்சமிருக்கும் மடல்கள் பருத்து இழந்த கொள்ளளவை ஈடுகட்டுகின்றன, அவ்வளவுதான். சுவரில் ஓடும் பல்லியின் வாலும் முழுக்கணக்கில் சேராது. புதிதாக முளைத்த வாலுக்குள் முள்ளெலும்புகள் இல்லை, ஒரே நீளமான குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கிறது.

எலும்பு, தசை, நரம்பு, விரல் எண்ணிக்கை என்று எல்லாம் சரியாகத் திரும்ப வளர்க்கும் உயிரி ஆக்சலாட்டல். மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ ஏரியைச் சேர்ந்த, பல்லி வடிவ நீர்நில உயிரியான சாலமாண்டர் அது. சாலமாண்டரின் கால் மறுபடி முளைப்பதை இத்தாலியரான ஸ்பலான்சானி 1768லேயே எழுதிவைத்தார். எப்படி என்பது கடந்த சில பத்தாண்டுகளில்தான் துலங்கியது.

காலை வெட்டியதும் சுற்றியுள்ள மேல்தோல் செல்கள் நகர்ந்து ஒரு நாளுக்குள் காயத்தின் மேல் மெல்லிய படலமாகப் பரவுகின்றன. அந்தப் படலத்தின் கீழே உள்தோல் இருக்காது. வெட்டுப்பட்ட திசுவை அது நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும், இதைத்தான் கவனிக்க வேண்டும். நரம்புகள் அதற்குள் நுழைகின்றன. படலம் தடித்துத் தொப்பி போலாகி, தன் சைகைகளால் கீழே உள்ள செல்களைப் பெருகச் செய்கிறது. சில நாளில் அங்கே ஒரு மொட்டு தெரியும், அதற்குப் பிளாஸ்டீமா என்று பெயர். இளம் விலங்கில் ஒன்றரை இரண்டு மாதத்தில் அந்த மொட்டு முழுக் காலாகிவிடும், முதிர்ந்ததில் பல மாதம் பிடிக்கும்.

வெட்டுமுனையை முழுத்தோலால் மூடித் தைத்துவிட்டால் அதே விலங்கில் கால் வளருவதில்லை. உள்தோல் குறுக்கே வந்து சைகையை மறித்துவிடுகிறது. காலுக்குப் போகும் நரம்பை அறுத்தாலும் வளராது. மூன்றாவது தேவையை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013இல் கண்டுபிடித்தார்கள். கழிவுண்ணும் வெள்ளணுக்களான மேக்ரோஃபேஜ்களை அகற்றினால் ஆக்சலாட்டலின் காயத்திலும் நம்மைப் போலவே தழும்புதான் விழுகிறது. அந்த அணுக்கள் திரும்பியபின் தழும்பை வெட்டி எறிந்தால் கால் மறுபடி முளைக்கிறது. ஆக, தழும்பு விழுந்த இடத்திலும் வளரும் ஆற்றல் அடங்கித்தான் கிடந்திருக்கிறது. மறுவளர்ச்சி ஆய்வில் இதைவிட நம்பிக்கை தரும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

மொட்டுக்குள் இருக்கும் செல்கள் எதுவாகவும் மாறக்கூடியவை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். எல்லி தனாகாவின் ஜெர்மானியக் குழு 2009இல் ஒளிரும் செல்களைப் பின்தொடர்ந்து அதை மறுத்தது. தசையிலிருந்து வந்தது தசையாகிறது, நரம்புறையிலிருந்து வந்தது நரம்புறையாகிறது. எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற நினைவும் செல்லுக்கு உண்டு, மணிக்கட்டில் வெட்டினால் கைதான் வரும், முழங்கை வராது. இந்த இட நினைவை வைட்டமின் ஏ குலைத்துவிடும் என்பதை முதலில் காட்டியவர்கள் இந்தியர்கள். ராஜஸ்தான் பல்கலைக்கழகத்தின் நியாசியும் சக்சேனாவும் 1978இல் தேரைக் குஞ்சுகளில் அதைப் பார்த்தார்கள். புவனேசுவரத்தின் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்பதா மொகந்தி ஹெஜ்மதியின் குழு 1992இல் வெளியிட்டது இன்னும் வியப்பானது. வாலை வெட்டிய தலைப்பிரட்டைகளை வைட்டமின் ஏ கரைசலில் விட்டபோது வால் இருந்த இடத்தில் பின்னங்கால்கள் முளைத்தன. நம் பாடப்புத்தகங்களில் இந்தப் பெயர்கள் இல்லாதது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வளர்ந்த தவளைக்குக் கால் வளராது, ஒரு குருத்தெலும்பு முள் மட்டும் நீட்டும். அமெரிக்காவின் டஃப்ட்ஸ், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2022இல் அதன் வெட்டுமுனைக்கு ஒரு சிலிக்கோன் குல்லாய் போட்டார்கள். உள்ளே பட்டுப் புரதக் கூழ், அதில் ஐந்து மருந்துகள். 24 மணி நேரம்தான் அது இருந்தது. அடுத்த பதினெட்டு மாதத்தில் நரம்பும் எலும்பும் கொண்ட, நீந்த உதவும் கால் வளர்ந்தது. நுனியில் விரல் போன்ற நீட்சிகளும் வந்தன, அவற்றுக்குள் எலும்பு இல்லை. ஆகவே மூடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. விரல் நுனிப் படலமும் இந்தக் குல்லாயும் மூடிகள்தாம். ஈரத்தைத் தக்கவைத்து, போகவேண்டியதைப் போகவிட்டு, வேலை முடிந்ததும் கழன்றுவிடுகிற மூடிகள்.

சுவரோவியத்துக்கும் தேவைப்படுவது அத்தகைய மூடிதான்.

ஓவியத்தில் உயிரில்லை, உதிர்ந்த நிறம் ஒருநாளும் வளராது. ஆனால் சுவருக்குள் ஈரம் ஓயாமல் நடமாடுகிறது. தரையிலிருந்தும் கூரையிலிருந்தும் ஏறிய ஓதம், கல்லிலும் சாந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளிப்புறம் நோக்கி வரும். ஓவியத்தின் மேற்பரப்பு திறந்திருந்தால் நீர் அங்கே ஆவியாகும், உப்பு வெள்ளைப் பூவாகப் பூக்கும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் மெல்லிய தூரிகையால் தட்டிவிடலாம். மேற்பரப்பில் நீர்புகாப் பூச்சு இருந்தால் ஆவியாகும் இடம் உள்ளே தள்ளிப்போகிறது. உப்பு, நிறத்துக்கு அடியில் படிகமாகிறது. சோடியம் சல்பேட் நீரை ஏற்றுப் படிகமாகும்போது அதன் கொள்ளளவு மூன்று மடங்குக்கும் மேலாகப் பெருகும். அந்த அழுத்தத்தை எந்தச் சாந்தும் தாங்காது. நிறம் பொரிந்து, செதில் செதிலாகப் பூச்சோடு சேர்ந்து விழும்.

அஜந்தாவில் நடந்ததைப் பாருங்கள். மண்ணில் உமியும் நாரும் கலந்து பாறைமேல் பூசி, அதன்மேல் பிசினில் குழைத்த நிறங்களால் தீட்டிய ஓவியங்கள் அவை. ஐதராபாத் நிஜாமின் அரசு 1920 முதல் 1922வரை இத்தாலியிலிருந்து லொரென்சோ செக்கோனி, ஓர்சினி ஆகிய இரு வல்லுநர்களை வரவழைத்தது. பெயர்ந்து தொங்கிய விளிம்புகளை அவர்கள் சாந்து வைத்துப் பிணைத்தது நல்ல வேலை, இன்று பல ஓவியங்கள் எஞ்சியிருக்க அது ஒரு காரணம். கூடவே மேற்பரப்பில் அரக்கு வார்னிஷும் பூசினார்கள். அப்போது நிறங்கள் பளிச்சென்று எழுந்தன. போகப்போக அரக்கு மஞ்சளாகிப் பழுப்பேறியது, தூசியையும் பிடித்துக்கொண்டது, சுருங்கி இழுத்ததில் நிறச் செதில்கள் கிண்ணம் கிண்ணமாக விளிம்பு தூக்கின.

அந்த அரக்கை எடுப்பது பூசியதைவிடப் பன்மடங்கு கடினம். புது அரக்கு ஆல்ககாலில் கரைந்துவிடும். வயதான அரக்கின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கரைய மறுக்கும். மண்பூச்சு என்பதால் தண்ணீரும் ஆகாது, பிசின் கரைந்து ஓவியமே வந்துவிடும். ஆகவே ஓரமான இடத்தில் ஒரு சென்டிமீட்டர் சதுரத்தை மட்டும் எடுத்து, மிக வலுக்குறைந்த கரைப்பானிலிருந்து தொடங்க வேண்டும். குச்சியில் சுற்றிய பஞ்சை உருட்ட வேண்டும், தேய்க்கக் கூடாது. இன்னொரு கையில் டர்பன்டைன் நனைத்த பஞ்சு, கரைப்பானின் வேகத்தை அடக்க. பஞ்சில் பழுப்பு வந்தால் அரக்கு. சிவப்போ பச்சையோ வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். செங்காவிக்குச் சரிப்பட்ட கலவை அதே சுவரில் விளக்குக்கரிக் கறுப்புக்குச் சரிப்படாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சோதனை.

அரக்குக்குப் பின்பு வந்த செயற்கைப் பிசின்களும் நம் ஊர் வெயிலில் தடுமாறுகின்றன. பாலிவினைல் அசிடேட் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும், பிறகு தூசி ஒட்டிக் கருக்கும். உலகெங்கும் நம்பிப் பயன்படுத்தும் பாராலாய்டு பி-72 இளகுவது 40 டிகிரி சுற்றுவட்டாரத்தில். ஐரோப்பிய அருங்காட்சியகத்துக்கு அது போதும், சித்திரை மாதத்தில் வெயிலடிக்கும் கோயில் மண்டபச் சுவருக்குப் போதாது. உதிரும் செதிலை ஒட்ட நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு கரைசலை ஊசியால் அந்தச் செதிலின் அடியில் மட்டும் விடலாம். சுவர் முழுக்கப் பூசினால் அரக்கின் கதைதான்.

பழைய சாந்தையொத்த சுண்ணாம்புதான் பொருத்தமான மூடி. நீர்த்த சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மறுபடி சுண்ணாம்புக் கல்லாக இறுகும், நுண்துளைகள் வழியே ஆவியையும் போகவிடும். தஞ்சைப் பெரியகோயில் கருவறையைச் சுற்றிய உட்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் வெளிக்கொணர்ந்தார். நாயக்கர் காலத்து ஓவியப் பூச்சு அவற்றின் மேல் போர்த்தியிருந்தது. கீழே இருந்தவை பிழைத்ததற்கு, போர்த்திய பூச்சும் ஆவிபோகும் சுண்ணாம்பாக இருந்தது காரணம் என்பது என் கணிப்பு. மேலே இருந்த நாயக்கர் ஓவியங்களையும் அழிக்கக் கூடாது என்று இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலார் அவற்றைச் சாந்தோடு உரித்தெடுத்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் பொருத்தினார்கள். இரண்டு காலத்து ஓவியங்களையும் இன்று பார்க்க முடிகிறது.

சுண்ணாம்புச் சாந்து சுவரை விட்டு விலகியிருப்பதை விரல் முட்டியால் மெல்லத் தட்டிக் கண்டுபிடிப்பார்கள், பொள்ளலாகச் சத்தம் வரும். மேற்பரப்பில் ஜப்பானியத் தாளை ஒட்டிக் காவல் கொடுத்து, ஏற்கெனவே உள்ள விரிசல் வழியாகத் தண்ணீரும் ஆல்ககாலும் சம அளவில் கலந்து செலுத்தி உட்புறத்தை நனைப்பார்கள். நனைக்காமல் விட்டால் வறண்ட சாந்து நீரை உறிஞ்சிவிடும், குழம்பு பாதிவழியில் இறுகிவிடும். பிறகு சலித்த சுண்ணாம்பும் செங்கல்பொடியும் சேர்ந்த குழம்பைச் சிரிஞ்சால் கீழிருந்து மேலாக ஏற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே அடைபட்டு, வெற்றிடம் அப்படியே நிற்கும். இந்த இடத்தில் சிமென்டை நுழைப்பது கொடுமை. அது ஓதத்தை மறித்து ஓவியத்தின் பக்கம் திருப்பிவிடும், கரையும் உப்பையும் தானே கொண்டுவரும். குடமுழுக்கை ஒட்டிச் சுதைச் சிற்பங்களுக்கு எனாமல் பெயின்ட் அடிப்பதும் இதே தவறுதான். இரண்டு மழைக்காலத்தில் கொப்புளம் போடும்.

செப்புத் திருமேனிகளில் இது வேறு உருவில் வரும். மண்ணில் புதைந்திருந்தவற்றுக்குள் தாமிரக் குளோரைடு தங்கியிருக்கும். காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பத்தைந்து அளவைத் தாண்டினால் அது விழித்துக்கொண்டு வெளிர்பச்சைப் பொடியாகக் கக்கும். உண்டாகும் அமிலம் அடுத்த அடுக்கு உலோகத்தைத் தின்னும். அங்கே மீண்டும் குளோரைடு, மீண்டும் பொடி. இதற்கு வெண்கலநோய் என்று பெயர். கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் பழங்களிம்பு வேறு, அது காவல், அதைச் சுரண்டக் கூடாது. பொடிந்து உதிர்வதுதான் நோய். சென்னைக் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்க அந்த அளவுக்கு மேலேதான். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் 1930களிலேயே மின்பகுப்பு முறையில் இந்தக் குளோரைடை வெளியேற்றத் தொடங்கியது இதனால்தான். அந்த முறை களிம்பையும் சேர்த்து எடுத்துவிடும் என்பதால் இப்போது மிதமான வழிகளை நாடுகிறார்கள். சோடியம் செஸ்குவிகார்பனேட் ஐந்து விழுக்காட்டுக் கரைசலில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை மாற்றிக்கொண்டே வருவது ஒன்று. உலோக அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோலை ஆல்ககாலில் மூன்று விழுக்காடு கலந்து வெற்றிடத்தில் ஒரு நாள் ஊறவைப்பது இன்னொன்று. பென்சோட்ரையசோல் உடலுக்கு ஆகாது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அதன்பின் ஈரம் நிரம்பிய பெட்டியில் ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும், பச்சைப்புள்ளி எழுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எழாவிட்டால் மட்டுமே மேற்பூச்சு. குளோரைடு உள்ளே இருக்கும்போதே லாக்கர் என்னும் மெருகுப்பூச்சு அடித்தால் பூச்சுக்கு அடியில் ஓட்டை விழும், பல ஆண்டு கழித்துத்தான் தெரியும். புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பதால் நோய் போகாது, முகத்தின் செதுக்கு வரிகள்தான் போகும்.

உதிர்ந்துபோன இடத்தை வரைந்து நிரப்பலாமா? ரோமின் மத்திய மீட்பு நிறுவனத்தில் செசாரே பிராந்தி வகுத்த முறை எனக்குச் சரியாகப் படுகிறது. நீர்வண்ணத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகளை அருகருகே இழுத்து நிரப்புவார்கள். தள்ளி நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும், கிட்டப்போனால் எது பழசு, எது நாம் சேர்த்தது என்று கோடுகள் காட்டிக்கொடுத்துவிடும். பின்னால் வருகிறவர் நனைந்த பஞ்சால் துடைத்துவிடவும் முடியும். கண்ணும் மூக்கும் முழுக்கப் போன முகத்தில் இதையும் செய்யக் கூடாது, அங்கே நிரப்பினால் நம் கற்பனைதான் வந்து உட்காரும்.

வீட்டில் பழைய தஞ்சாவூர்ப் படம் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பலகைமேல் துணி, துணிமேல் புளியங்கொட்டைப் பசையில் குழைத்த சுண்ணம், அதன்மேல் தங்கத்தகடு. பூச்சிக்கும் ஓதத்துக்கும் அந்தப் பசை பிடிக்கும். மழை அறையும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்தின் பின்மூலைகளில் ஒரு சென்டிமீட்டர் தக்கைத் துண்டு ஒட்டுங்கள், பின்னால் காற்று ஓடட்டும். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே ஒரு மரச்சட்டம் இடைவெளி விட வேண்டும். பின்பலகையில் நெகிழித் தாள் ஒட்டியிருந்தால் பிரித்துவிட்டுப் பருத்தித் துணி கட்டுங்கள். தகடு தூக்கியிருந்தாலோ சுண்ணம் பொரிந்திருந்தாலோ ஃபெவிகால் தொட வேண்டாம். படத்தை முகம் மேலாகப் படுக்கவைத்து, உதிர்ந்த துண்டுகளை ஒரு காகித உறையில் போட்டு, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று அதன்மேல் எழுதிவைத்து, அதோடு அருங்காட்சியக வேதியியலாரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வணக்கம்.